மாத்திரையா, டிரிப்ஸா, சுவரொட்டியா?

எங்கள் வீட்டில் பச்சரிசி டப்பா மாதம் இரண்டு தடவை காலியாக ஆரம்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இட்லிக்குப் போடுவது புழுங்கல் அரிசி. பச்சரிசி எப்போதாவது பொங்கலுக்கும் கொழுக்கட்டைக்கும்தான். அப்படியிருக்க ஒரு கிலோ எங்கே போகிறது? மாமியார்தான் கண்டுபிடித்தார். ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்ததும் டப்பாவைத் திறந்து, ஒரு கைப்பிடி வாயில் போட்டு மென்றுகொண்டு நின்றிருக்கிறேன்.

"பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்பாங்க. உனக்குத்தான் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாச்சே, இப்ப எதுக்கும்மா?" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒடம்புல ரத்தம் இல்லாதவங்கதான் இப்படித் திம்பாங்க. நாளைக்கே போய் டெஸ்ட் பண்ணிட்டு வா" என்றார்.

ஹீமோகுளோபின் 10.8. ஃபெரிட்டின் 6.

எனக்கு 46 வயது. 2017-ல் எடை குறைக்க கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவள். 112 கிலோவிலிருந்து 66-க்கு வந்து அங்கேயே நிற்கிறேன். சர்க்கரை போயிற்று, முட்டி வலி போயிற்று, பெரம்பூர் ரயில் நிலையப் படிக்கட்டில் மூச்சு வாங்குவதும் போயிற்று. எல்லாம் சரியாகிவிட்டது என்ற தைரியத்தில், முதல் இரண்டு வருடம் ஒழுங்காகப் போட்ட சத்து மாத்திரைகள் மூன்றாம் வருடம் 'ஞாபகம் வந்தால்' என்று ஆகி, கொரோனா சமயத்தில் மொத்தமாக நின்றன. வருடா வருடம் ஹீமோகுளோபின் மட்டும் பார்ப்பேன். 12.3, 12.1 என்று வரும். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எனவே ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து எதுவும் இல்லை. ஃபெரிட்டின் எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஹீமோகுளோபின் கையில் புழங்கும் காசு என்றால், உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பீரோவில் இருக்கும் நகை. நகையை ஒவ்வொன்றாக அடகு வைத்துச் செலவு செய்யும் வீட்டில், பீரோ காலியாகும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. எனக்கு நடந்தது அதுதான். போதாக்குறைக்கு, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிப் பேருக்கு இருக்கும் ஒன்றைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. "பொம்பளைங்கன்னா அப்படித்தான்" என்று பேச்சு முடிந்துவிடும்.

சரி, ரிப்போர்ட் வந்துவிட்டது. இனி என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. மாமியார் ஈரல், ஆட்டுச் சுவரொட்டி என்றார். மெடிக்கல் ஷாப் அண்ணன் மாத்திரை அட்டையை நீட்டினார். டாக்டர் டிரிப்ஸ் என்றார். என் ஆபீஸ் தோழி ஒருத்தி மயிலாப்பூர்க்காரி, சுத்த சைவம். 2019-ல் வயிற்றைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்தவள். அவளுக்கும் எனக்கும் ஒரே பிரச்சினை, ஆனால் விடை வேறு வேறாக வந்தது. மருந்தின் பலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை, அறுத்து மாற்றிய குடல் எதை உள்ளே வாங்குமோ அதைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று எனக்குப் புரிந்தது அப்படித்தான்.

யாருக்கு எந்த ஆபரேஷன்

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போவதில் பயனில்லை. உணவிலிருந்து இரும்பு பெரும்பாலும் உள்ளே போவது சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினத்திலும் அதை ஒட்டிய பகுதியிலும்தான். பைபாஸில் சாப்பாடு அந்த வழியே போவதே இல்லை. மேம்பாலம் கட்டிய பிறகு கீழே இருக்கும் கடைக்குக் கூட்டம் வராத மாதிரி, அந்த இடம் சும்மா கிடக்கிறது. ஸ்லீவில் குடல் அப்படியேதான் இருக்கும். வயிற்றில்தான் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். ஆனால் இரும்பைக் கரைத்து உடம்பு ஏற்கும் வடிவத்துக்குக் கொண்டுவர அமிலம் வேண்டும், அமிலம் சுரப்பது வயிறு. வைட்டமின் பி12 உள்ளே போகத் துணை நிற்கும் 'இன்ட்ரின்சிக் ஃபேக்டர்' என்ற புரதமும் வயிற்றில்தான் சுரக்கிறது. அதனால் இரண்டு பக்கமும் நஷ்டம் உண்டு. பைபாஸ்காரர்களுக்கு இரும்பில் கூடுதல்.

இவ்வளவு வருடம் கழித்து ஏன்? பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் தாங்கும் அளவுக்குச் சேமிப்பாக இருக்கும். அது தீரத் தீரத்தான் தெரியும். இரும்பும் அப்படியே, மாதவிலக்கு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் வேகமாக. எடை குறைந்த சந்தோஷத்தில் டாக்டரிடம் போவதை நிறுத்தும் வருடமும் கையிருப்பு தீரும் வருடமும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்கின்றன.

முதலில் சுவரொட்டி

கேலி செய்ய நினைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட ஆரம்பித்தேன். கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டால் கொடுப்பது ஆட்டின் மண்ணீரல். அதில் 100 கிராமுக்குச் சுமார் 40 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஈரலைவிடப் பல மடங்கு. முருங்கைக்கீரையில் 100 கிராமுக்குச் சுமார் 4. எல்லாரும் இரும்புச்சத்து என்று தூக்கி வைத்துப் பேசும் பேரீச்சம்பழத்தில் 1 மில்லிகிராம்தான். பைபாஸ்காரர்கள் நாலு பழம் சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஒரேயடியாகக் குடலில் இறங்கி டம்பிங் வந்து வியர்த்துக் கொட்டும். இரும்பு வருவதற்கு முன் மயக்கம் வந்துவிடும்.

கறியில் இருக்கும் இரும்பு ஹீம் வகை. கீரையிலும் கேழ்வரகிலும் இருப்பதைவிட உடம்பு அதைச் சுலபமாக வாங்கிக்கொள்ளும். ஆக மாமியார் சொன்னதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் என் வயிற்றுக்கு ஒரு வேளைக்கு இரண்டு துண்டுக்கு மேல் போகாது. வாரம் ஒரு நாள் 50 கிராம் சுவரொட்டி என்றால் 20 மில்லிகிராம். அதில் உள்ளே போவது ஒரு பங்கு. பள்ளம் ஆகாமல் காக்க இது உதவும், விழுந்த பள்ளத்தை நிரப்ப உதவாது. இரும்புக் கடாயில் புளிக்குழம்பு வைப்பதும் இதே கணக்கில்தான் வரும்: நல்லது, செய்யலாம், அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை

அமெரிக்காவின் உடல்பருமன் அறுவைசிகிச்சைச் சங்கம் 2016-ல் புதுப்பித்த சத்து வழிகாட்டியில், பைபாஸோ ஸ்லீவோ செய்தவர்களுக்கும் மாதவிலக்கு உள்ள பெண்களுக்கும் தினம் 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு என்று இருக்கிறது. இது தடுப்பதற்கான அளவு. குறைந்த பிறகு கொடுக்கும் அளவு இதைவிட அதிகம். இங்கே ஒரு குழப்பம் வரும். அட்டையில் எழுதியிருக்கும் உப்பின் எடையும் உள்ளே இருக்கும் இரும்பின் எடையும் ஒன்றல்ல. ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு. ஃபெரஸ் சல்பேட்டில் ஐந்தில் ஒன்று. குளுகோனேட்டில் எட்டில் ஒன்று. 'எலிமென்டல் அயர்ன்' என்று அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி போட்டும் எனக்குப் படிக்க முடியவில்லை; போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இன்னொன்றும் அந்தப் பொடி எழுத்தில் இருந்தது. நம் ஊர் இரும்பு மாத்திரை பலவற்றில் 1.5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே வருகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 1 மில்லிகிராம். ஃபோலிக் அமிலத்தால் விஷம் ஏறிவிடாது. சிக்கல் என்னவென்றால், பி12 குறைந்தவருக்கு அதிக ஃபோலிக் அமிலம் கொடுத்தால் ரத்தம் மட்டும் சரியான மாதிரி தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். அதனால் பி12 பார்க்காமல் இந்த மாத்திரையை வருடக்கணக்கில் போடக் கூடாது.

தினமும் போடுவதா, ஒரு நாள் விட்டு ஒரு நாளா? ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து கதவைக் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கச் சாத்திவிடுகிறது. சூரிச் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இரும்பு குறைந்த பெண்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உள்ளே போன பங்கு அதிகமாக இருந்தது. அவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் தினம் போட்டு மலச்சிக்கலில் நொந்து, பத்தாம் நாள் அட்டையையே ஒளித்து வைக்கிறவர்களுக்கு இந்த முறை நல்லது. என் தோழி இப்படித்தான் போடுகிறாள். ஒன்றே ஒன்று: மெதுவாகக் கரையும் வகை, குடலில் போய்க் கரையும் பூச்சுப் போட்ட வகை என்று விலை கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. வயிற்றைப் புரட்டாது என்பார்கள். உண்மைதான். கரையும்போது இரும்பை வாங்கும் இடத்தைத் தாண்டிப் போயிருக்கும், எங்கே புரட்டுவது?

டிரிப்ஸ்

டாக்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். எடை 66. எட்ட வேண்டிய ஹீமோகுளோபின் 15, இருப்பது 10.8, வித்தியாசம் 4.2. இரண்டையும் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, கையிருப்புக்கு 500 கூட்டினால் சுமார் 1,165 மில்லிகிராம். இவ்வளவு இரும்பு எனக்குக் கடன்.

வீட்டுக்கு வந்து மீதிக் கணக்கை நானே போட்டேன். 100 மில்லிகிராம் மாத்திரையில், பைபாஸ் குடல் ஒரு பேச்சுக்கு 5 சதவீதம் வாங்குகிறது என்று வைத்தால் 5 மில்லிகிராம். அதில் அன்றாடம் உடம்பு இழப்பது ஒன்றரை. மிச்சம் மூன்றரை. 1,165-ஐ மூன்றரையால் வகுத்தால் 333 நாள். ஒரு நாள்கூட விடாமல், பதினோரு மாதம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் மாத்திரை போட மறக்காத ஆளா நான்? என்னை எனக்குத் தெரியும்.

அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவச் சங்கமும் 2024-ல் இதைத்தான் சொன்னது: டியோடினத்தை ஒதுக்கும் வகை ஆபரேஷன் செய்தவருக்கு இரும்புக்குறை ரத்தசோகை இருந்து, குடலில் ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்றால், நரம்பு வழியே இரும்பு ஏற்றலாம் என்று. அந்தக் 'கசிவு இல்லை என்றால்' முக்கியம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது அல்லவா. பைபாஸ் தையல் போட்ட இடத்தில் புண் வரலாம், அதுவும் தலைவலிக்கும் முதுகு வலிக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போடுகிறவர்களுக்கு. மூலம் இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மாதவிலக்கு ஆற்றுவெள்ளமாகப் போகலாம். எனக்கு மூன்றாவதுதான். ஸ்கேனில் ஃபைப்ராய்டு என்ற கர்ப்பப்பைக் கட்டி தெரிந்தது, அதற்குத் தனி வைத்தியம் நடக்கிறது.

டிரிப்ஸிலும் இரண்டு வகை இங்கே அதிகம் புழக்கம். அயர்ன் சுக்ரோஸ் பழைய ஆள். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 200 மில்லிகிராம். என் கடனுக்கு ஆறு தடவை போக வேண்டும். பாட்டில் விலை மலிவு. ஆனால் ஆறு நாள் அரை லீவு, ஆறு ஆட்டோ, ஆறு ஊசிக்குத்து. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் விலை ஆயிரக்கணக்கில் வரும், ஆனால் ஒரே அமர்வில் 1,000 வரை ஏற்றலாம், ஏற்றுவதற்குக் கால் மணி நேரமே போதும், அப்புறம் அரை மணி நேரம் கவனிப்பில் உட்கார வைப்பார்கள். நான் இரண்டாவதை எடுத்தேன். ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு எடுத்தேன்: இந்த மருந்து சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைக்கும், வைட்டமின் டி குறைவாக இருந்தால் அந்த வாய்ப்பு கூடும், எலும்பு வலியும் அசதியும் வரும். ஆபரேஷன்காரர்களில் டி குறையாதவர் அபூர்வம். அதனால் முதலில் டி-யைச் சரி செய்துகொண்டு மூன்று வாரம் கழித்துப் போனேன். காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஏற்றக் கூடாது. ஒவ்வாமை அபூர்வம், ஆனால் அதற்கான மருந்தும் ஆளும் இருக்கும் இடத்தில்தான் ஏற்ற வேண்டும். தெரு முனை கிளினிக்கில் அவசரத்துக்கு ஏற்றிக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை இது.

பையில் கலந்து தொங்கவிட்டதும் பார்த்தேன், அசல் டிகாக்‌ஷன் நிறம். "கை எரிஞ்சா உடனே சொல்லுங்கம்மா, வெளியே கசிஞ்சா தோல்ல கறை விழுந்துடும், சட்டுனு போகாது" என்றார் சிஸ்டர். எரியவில்லை. நான்காம் நாள் ராத்திரி பாத்திரம் தேய்த்துவிட்டுப் படுக்கப் போனவள், பாதி வழியில் நின்று யோசித்தேன். எதையோ மறந்த மாதிரி இருந்தது. பச்சரிசி டப்பாவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 12.4. ஃபெரிட்டினை மட்டும் அவசரப்பட்டுப் பார்க்கக் கூடாது. ஏற்றிய உடனே எடுத்தால் பொய்யாக உச்சத்தில் காட்டும். இரண்டு மாதம் விட்டு எடுத்தேன்.

அதற்காக எல்லாரும் டிரிப்ஸுக்கு ஓட வேண்டாம். ஸ்லீவ் செய்தவர், ஃபெரிட்டின் 20-களில் இருக்கிறது, ஹீமோகுளோபின் இன்னும் விழவில்லை என்றால் மாத்திரைக்கு ஒரு நியாயமான வாய்ப்புக் கொடுக்கலாம். ரத்தசோகையே வந்துவிட்டவர் ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் அதற்கு மேல் பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தமில்லை. ஆண்கள் டெஸ்ட் எடுக்காமல் அதிக அளவு இரும்பு போடவே கூடாது, அவர்களுக்கு மாதாமாதம் இழப்பு கிடையாது.

பி12: இங்கே மாத்திரை ஜெயிக்கிறது, போட்டால்

இரும்பில் ஊசிக்கு ஓட்டுப் போட்டவள் பி12-ல் கட்சி மாறுகிறேன். காரணம் எளிமையானது. இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இல்லாவிட்டாலும், விழுங்கும் பி12-ல் நூற்றில் ஒரு பங்கு தானாகவே குடல் சுவர் வழியாகக் கசிந்து உள்ளே போய்விடும். 1,000 மைக்ரோகிராம் மாத்திரையில் நூற்றில் ஒன்று 10 மைக்ரோகிராம். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டரைக்கும் கீழே. ஆக, அளவு பெரிதாக இருந்தால் போதும், வாய்வழியே காரியம் நடக்கும். வழிகாட்டியிலும் தினம் 350 முதல் 500 மைக்ரோகிராம் வாய்வழி, அல்லது மாதம் 1,000 மைக்ரோகிராம் ஊசி என்று இரண்டையும் சமமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஏமாறுவது எங்கே என்றால், 'பி காம்ப்ளெக்ஸ் போடறேனே' என்பதில். என் கையில் இருந்த சாதாரண பி காம்ப்ளெக்ஸ் அட்டையில் பி12 15 மைக்ரோகிராம். அதில் நூற்றில் ஒன்று எவ்வளவு? கணக்கே வேண்டாம். தனியாக, பி12-ன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின் 500 அல்லது 1,000 என்று கேட்டு வாங்க வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் வகை விழுங்குவதைவிடப் பெரிய அதிசயம் எதுவும் செய்வதில்லை.

என் தோழிக்கு ஊசிதான். அவள் சைவம், உணவில் வருவது பாலும் தயிரும் தருவது மட்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறாள், அது பி12-ஐக் குறைக்கும். காலையில் எழுந்ததும் கேஸ் மாத்திரை என்று பான்டோபிரசோல், அது அமிலத்தை அடக்கி பி12, இரும்பு இரண்டையும் குறைக்கும். மேலே ஸ்லீவ். ஒரு நாள் மாட வீதியில் நடந்து வந்தவள் கோயில் வாசலில் குனிந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை, பாதம் அவ்வளவு மரத்திருந்தது. இந்த நிலையில் மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. முதலில் அடுத்தடுத்து ஊசி, அப்புறம் மாதம் ஒன்று. மரத்துப்போவது நாள்பட்டால் முழுக்கத் திரும்பாது. ஊசி போட்ட வாரத்திலேயே டெஸ்ட் எடுத்து "பி12 எகிறிடுச்சு" என்று சந்தோஷப்படுவதிலும் பயனில்லை. அடுத்த ஊசிக்கு முந்தைய நாள் எடுத்தால்தான் உண்மை தெரியும். 200-க்கு மேலே இருந்தால் லேப் நார்மல் என்று போடும். நம்மைப் போன்றவர்கள் 400-க்குக் கீழே இருந்தாலே கவனிக்க வேண்டும்.

கால்சியம், டி

மெடிக்கல் ஷாப்பில் கால்சியம் என்றால் கையில் வருவது பெரும்பாலும் கார்பனேட். மலிவு, ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியம். ஆனால் கரைய அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு போட வேண்டும். சிட்ரேட்டுக்கு அமிலம் தேவையில்லை, எப்போது வேண்டுமானாலும் போடலாம். பைபாஸ் செய்தவர்களுக்கு ஆக்ஸலேட் வகைச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுதல். சென்னை வெயிலில் தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் அலைகிறவர்களுக்குச் சிட்ரேட் அந்த விதத்திலும் நல்லது. என் ஓட்டு சிட்ரேட்டுக்கே. ஒரு குறை: அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கால்சியம். 'கால்சியம் சிட்ரேட் 1,000 மி.கி.' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் உள்ளே இருப்பது 200 சொச்சம். ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 வரை வேண்டும். சாப்பாட்டில் வருவதையும் இதில் கழித்துக்கொள்ளலாம். ஒரே தடவை 500, 600-க்கு மேல் போட்டால் வீண். கணக்குப் பார்த்தால் மாத்திரை எண்ணிக்கை ஏறிவிடும். அதை எண்ணியே கார்பனேட்டில் இருக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், சாப்பாட்டோடு போடுகிறார்கள் என்றால்.

ரத்தத்தில் கால்சியம் நார்மல் என்று வந்தால் நிம்மதி கொள்ள வேண்டாம். குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் சரிக்கட்டிவிடும். பி.டி.எச். என்ற பாராதைராய்டு ஹார்மோன் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் திருட்டு தெரியும்.

வைட்டமின் டி-யில் தினம் 3,000 யூனிட் என்பது வழிகாட்டி; நம் ஊர் வழக்கம் வாரம் ஒரு 60,000 பாக்கெட். மறதிக்காரர்களுக்கு வாரம்தான் தோது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்குழம்புச் சாப்பாட்டோடு பாலில் கலந்து குடிக்கிறேன், கொழுப்போடு போனால் டி நன்றாக உள்ளே ஏறும். எட்டு வாரம் முடிந்ததும் டெஸ்ட் எடுத்து, மாதம் ஒன்று, இரண்டு என்று டாக்டர் குறைப்பார். வாரம் ஒன்று என்று வருடக்கணக்கில் அளக்காமல் குடிப்பதும் ஆபத்துதான்.

மல்டிவைட்டமின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கென்று பேரியாட்ரிக் என்று தனியாகப் பெயர் போட்டு விற்பது விலை அதிகம், ஆனால் ஒன்றிலேயே ஏறக்குறைய எல்லாம் அடங்கும். சாதாரண ஏ டு இசட் வகையை எடுத்தால் தயாமின் என்ற பி1 12 மில்லிகிராமாவது இருக்கிறதா, தாமிரம் 1 முதல் 2 மில்லிகிராம் இருக்கிறதா என்று பாருங்கள். கொரோனாவில் பழகிய துத்தநாக மாத்திரையை இன்னும் விடாதவர்கள் உண்டு. துத்தநாகம் கூடினால் தாமிரம் குறையும், தாமிரம் குறைந்தாலும் ரத்தசோகை வரும், கால் மரக்கும். இரும்பு ஏற்றியும் சரியாகவில்லை என்றால் அங்கேயும் பார்க்க வேண்டும். ஜெல்லி மிட்டாய் மாதிரி வரும் கம்மி வகைகளில் பெரும்பாலும் இரும்பே இருக்காது. இரண்டு நாளாக நிற்காத வாந்தி என்றால் மட்டும் மாத்திரைப் பேச்சே வேண்டாம், தயாமின் ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

காபி எங்கே வைப்பது

உண்மையான சண்டை இங்கேதான் நடந்தது. காபி, டீயில் இருக்கும் பாலிஃபீனால்கள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். கால்சியமும் இரும்பும் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இரண்டிலிருந்தும் நாலு மணி நேரம் தள்ள வேண்டும். டயட்டீஷியன் சொன்ன அட்டவணையில் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் இரும்பு, எட்டு மணி வரை காபி இல்லை. இரண்டு நாள் முயற்சி செய்தேன். மூன்றாம் நாள் வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை.

அப்புறம் இரும்பை ராத்திரி பத்து மணிக்கு மாற்றிவிட்டேன். எனக்கு இப்போதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை உண்டு. டிரிப்ஸ் கடனை அடைத்தது, இனி புதுக்கடன் ஏறாமல் பார்க்க வேண்டுமே. எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்துவிடும், கடைசிக் கால்சியம் சாயங்காலம் ஐந்துக்கு. பத்து மணிக்கு அரை டம்ளர் நெல்லிக்காய்ச் சாறு, அதோடு மாத்திரை. வைட்டமின் சி இரும்பு கரைய உதவும் என்பது ஒரு காரணம், வாயில் வரும் இரும்பு ருசியை அடக்கும் என்பது என் காரணம். காலைக் காபி தப்பித்தது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தார் மாதிரி பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போனால் அது வேறு, உடனே காட்ட வேண்டும்.

தோழி காலையிலேயே போட்டுவிடுகிறாள். அவளுக்குக் காபி பழக்கமில்லை, மயிலாப்பூரில் பிறந்து இப்படி ஒருத்தி.

வருடம் ஒரு தடவை லேபுக்குப் போகும்போது நான் கேட்டு எழுதி வாங்கும் சீட்டு இப்போது நீளம்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டினோடு டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், பி12, ஃபோலேட், டி, கால்சியம், பி.டி.எச். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தாமிரமும் துத்தநாகமும். காய்ச்சலோ தொற்றோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும், அதனால் சளி பிடித்திருந்தால் தள்ளிப்போடுவேன். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் போடுகிறவர்கள் மூன்று நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். அது சில லேப் இயந்திரங்களைக் குழப்பி ஃபெரிட்டின், டி, தைராய்டு எண்களையே மாற்றிக் காட்டும். முடி கொட்டுவதே ஃபெரிட்டின் குறைந்ததால்தான் இருக்கும் என்பது வேறு கதை.

அடுத்த டெஸ்ட் ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம். பொங்கலுக்கு அரிசி வேண்டுமென்றால் இப்போதும் மாமியாரிடம்தான் கேட்க வேண்டும். டப்பாவை அவர் அறைக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார், அளந்துதான் கொடுக்கிறார்.